காய வைக்கக் கூடாத வேர்

நேற்றுப் போட்ட சேட்டைத் தோய்க்க எடுத்த மனைவி, அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்தபடி குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ, கந்தோரில ஆரும் கடுகு அரைச்சவையோ?"

"ஓம். கூட்டத்தில அரைச்சது."

"கூட்டத்திலயோ?"

"நான்தான் அரைச்சனான்."

பல வருசமாக என்னோடு வாழ்கிறவர் என்றபடியால் அதற்கு மேலே அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சேட்டை மட்டும் தனி வாளியில் போட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். மணம் குசினிக்குள்ளேயே நின்றுவிட்டது. பச்சை உவாய் வேரை நசுக்கினால் வருகிற மணம். கடுகு, முள்ளங்கி, பப்பாசி விதை மூன்றையும் ஒன்றாகக் கடித்ததுபோல நாக்கில் தொடங்கி, கண்ணின் உள்மூலையில் போய்க் குந்துகிற மணம். அதை எனக்கு அறிமுகப்படுத்தியவர் நீர். ஆகவே இந்தக் கடிதமும் உமக்கு.

நீர் செத்து ஒரு வருசமும் சில கிழமைகளும் ஆகின்றன. கடிதம் பிந்திவிட்டது உண்மைதான். எங்கள் துறையிலிருந்து போகிற மற்றக் கடிதங்களோடு ஒப்பிட்டால் அவ்வளவு பிந்தவில்லை.

இதை உம்மைத் தவிர வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக, உமக்குத் தெரிந்ததையே உமக்குத் திருப்பிச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளும். உயிரோடு இருந்தபோது உம்மால் முடியாமல் போன ஒரே காரியம் அதுதான்.

நீரும் நானும் ஒரே நாளில் ஒரே பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உத்தியோகத்தர்களாகச் சேர்ந்தோம். விஞ்ஞானத்தில் கையால் செய்கிற பகுதி கீழ்மாடியில், எங்களிடம் இருந்தது. கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது, நிறுப்பது, பற்றீரியா வளர்க்கும் தட்டுகளில் ஏகார்க் கூழ் ஊற்றுவது. வாயால் செய்கிற பகுதி மேல்மாடியில் இருந்தது. இரண்டையும் இணைக்க ஒரு படிக்கட்டு இருந்தது. அதால் நாங்கள்தான் ஏறி இறங்கினோம். நான் மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வருவேன். நீர் கரவெட்டியிலிருந்து பஸ்ஸில், வல்லை வெளியைக் கடந்து வருவீர். அந்த வெளியின் உப்புக்காற்று தலைமயிரில் ஒட்டியபடி வந்து இறங்கி, மேசைக்குப் போகமுதல் கண்ணாடி பார்க்காத ஒரே பெண் உத்தியோகத்தர் நீர் என்று மேல்மாடியில் ஒரு குறை இருந்தது. உமக்கு அது தெரியும். அதற்குப் பிறகுதான் நீர் சீப்பையும் வீட்டில் விட்டுவரத் தொடங்கினீர்.

சேர்ந்து சில வருசம் கழிய எங்களுக்குக் கொடுத்த வேலை, உப்பு நிலத்தில் வளர்கிற மருந்து மரங்களின் வேரில் என்னென்ன சேர்வைகள் இருக்கின்றன, அவை நோய்க்கிருமியை என்ன செய்கின்றன என்று பார்ப்பது. முதல் மரம் உவாய். வல்லை வெளியில் உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடக்கிற தரையில், மற்றச் செடிகள் எல்லாம் கைவிட்டுவிட்டுப் போன இடத்தில், தடித்த இலையோடு நிற்கும். இலையைக் கடித்தால் உப்புக் கரிக்கும். வேரைப் பல்லுத் தீட்ட எடுப்பார்கள். முஸ்லிம் கடைகளில் மிஸ்வாக் என்று உறைபோட்டுத் தொங்குவதும் இந்த மரத்தின் வேர்தான்.

வேரை என்ன செய்யவேண்டும் என்று கைநூலில் எழுதியிருந்தது. கழுவு, காய வை, தூளாக்கு, மதுசாரத்தில் அவி, வற்றவை. இதை எவரும் கேள்வி கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? எங்கள் சனம் ஒரு பொருள் பெறுமதியானது என்று கண்டால் முதல் வேலையாக அதை வெயிலில் போடும். பனங்கிழங்கு, மிளகாய், மீன், வடகம், வேப்பம்பூ எல்லாம் பாயில் கிடந்து காய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் ஏற்கப்படும். கடல் கடந்து வந்த கைநூலும் எங்கள் முற்றமும் ஒரே கருத்தைச் சொன்னபோது, அதற்கு மேலே ஆதாரம் எதற்கு? உவாய் வேர் மூன்று நாள் வெயிலில் கிடந்தது. பிறகு அடுப்பில் கிடந்தது. பிறகு மதுசாரத்தில் ஒரு பகல் முழுக்கக் கொதித்தது. கடைசியில் பனம்பாணிபோல ஒரு கறுப்புக் குழம்பு வந்தது. அதைத் தட்டில் வைத்தோம். பற்றீரியா அதைச் சுற்றித் தேர்த்திருவிழாவுக்கு வந்த சனம்போல நெருங்கி வளர்ந்திருந்தது.

"செயற்பாடு இல்லை" என்று பேராசிரியர் எழுதினார். அழகான கையெழுத்து.

நீர் தொட்டியடியில் குடுவை கழுவிக்கொண்டு நின்றீர். திரும்பாமலே சொன்னீர்: "கொலை செய்துபோட்டு, ஆள் வாய் திறக்கேல்லை எண்டு முறைப்பாடு எழுதுகினமாம்."

அடுத்த நாள் காலை நீர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தீர். காலில் சேறு. கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒன்று.

"என்ன ஐசே, தோட்ட வேலைக்குப் போட்டு வாறீரோ?" என்றேன்.

"வல்லையில இறங்கினனான். கொண்டக்டர் ஏசினான். ஏசட்டும். இந்தாரும், கடியும்."

"என்னத்தை?"

"கடியுமெண்டால்! நஞ்சில்லை. நஞ்செண்டால் உமக்கு ஏன் வீணாக்கப்போறன்?"

கடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. மெல்லத் தொடங்கியபோது நாக்கில் நெருப்பு. கண்ணால் தண்ணீர். நீர் நின்று இரசித்தீர். பிறகு அந்தக் கறுப்புக் குழம்பில் ஒரு துளியை எடுத்து என் புறங்கையில் வைத்து, "இப்ப இதை நக்கிப் பாரும்" என்றீர். கசப்பு. வெறும் கசப்பு.

"ரெண்டில எது உயிரோட இருக்குது?"

ஆய்வுகூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அந்த அறிவித்தலுக்குக் கீழேதான் நாங்கள் இருவரும் நின்றோம்.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்து விளங்கிக்கொண்டோம். உம்முடைய உவாய் அதிசயம் ஒன்றும் இல்லை. உலகத்தில் வேறு ஆட்கள் ஏற்கெனவே எழுதிவைத்ததுதான். வேருக்குள்ளே காரம் காரமாக இருப்பதில்லை. ஓர் உயிர்க்கலத்தில் காரமில்லாத ஒரு சேர்வை இருக்கிறது. பக்கத்துக் கலத்தில் அந்தச் சேர்வையை வெட்டுகிற ஒரு நொதியம் இருக்கிறது. இரண்டும் சுவர் போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும். நசுக்கினால் சுவர் உடையும், இரண்டும் சந்திக்கும், அந்தச் சந்திப்பில் பிறப்பதுதான் பென்சைல் ஐசோதயோசயனேற்று என்கிற அந்தக் கண்ணெரிச்சல்காரன். பிறந்த உடனே காற்றில் ஏறிப் போய்விடும். முதலே கொதிக்கிற மதுசாரத்தில் போட்டால் நொதியம் செத்துவிடும். பிறகு எவ்வளவு நசுக்கினாலும் சந்திப்பும் இல்லை, பிறப்பும் இல்லை. பிறந்திருந்த கொஞ்சத்தையும் வற்றவைக்கும்போது யன்னலால் அனுப்பியிருப்போம். நாங்கள் ஒரு கிழமை முழுக்கச் செய்த வேலை அதுதான். மருந்தை ஊருக்கு விட்டுவிட்டு, சட்டியை ஆராய்ந்தோம்.

இதை மேல்மாடிக்குச் சொன்னீர். "கைநூலில் அப்படி இல்லையே" என்றார்கள். உண்மை. இல்லை.

ஆகவே நீர் தனியாகச் செய்தீர். ஆய்வுகூடத்து உரல்கள் பூட்டிய அலுமாரியில் இருந்தபடியால் வீட்டிலிருந்து ஒரு பித்தளைப் பாக்குரல் கொண்டுவந்தீர். வெற்றிலைக்குப் பாக்கு இடிக்கிற சின்ன உரல். வேரை இடித்து, தட்டின் மூடியின் உட்பக்கம் அப்பி, பற்றீரியா விதைத்த தட்டுக்கு மேலே கவிழ்த்தீர். வேர் பற்றீரியாவைத் தொடவில்லை. நடுவில் விரல் அகலம் வெளி.

"தொடாமல் அது என்ன செய்யும், ஐசே?"

"இரும், பாப்பம்."

தட்டை இன்கியூபேற்றருக்குள் வைத்துப் பூட்டினீர். கிருமியை உடற்சூட்டில் வைத்து வளர்க்கிற பெட்டி. அந்தக் காலத்தில் முழுத் துறைக்கும் ஒன்றுதான் இருந்தது.

அடுத்த நாள் உம்முடைய தட்டு கழுவிவைத்த கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. ஒரு கிருமி இல்லை. அதே பெட்டியில் இருந்த மற்றத் தட்டுகளிலும் ஒரு கிருமி இல்லை. அவை ஒரு பட்டமேற்படிப்பு மாணவனுடைய தட்டுகள். அவன் மாதக்கணக்காகப் பாதுகாத்து வளர்த்தவை. காலையில் வந்து பெட்டியை முதலில் திறந்தவன் அவன்தான். நாங்கள் போனபோது கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு, கண் சிவந்து நின்றான். அழுகிறான் என்று நினைத்தோம். அழவும் செய்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நீர் எனக்கு மேலேயிருந்து ஏசுவீர். பொதுப் பெட்டிக்குள் வைத்தது உம்முடைய பிழை. அதை முதலில் சொன்னவரும் நீர்தான். அவனுடைய கையைப் பிடித்து, "தம்பி, உம்மடை தட்டையெல்லாம் நான்தான் சாக்கொண்டனான். என்னை ஏசும். ஆனா எப்பிடிச் செத்ததெண்டு ஒருக்கால் பாரும்" என்றீர். அவன் பார்க்கிற நிலையில் இல்லை.

விசாரணை வைத்தார்கள். மூன்று பேர், ஒரு நீள மேசை, உமக்கு மட்டும் கைபிடி இல்லாத கதிரை. கிருமிநாசினிப் போத்தல் ஒன்றைப் பெட்டிக்குள் கவனக்குறைவாகத் திறந்து விட்டுவிட்டீர் என்று அவர்களே முடிவு எழுதி, அதன் கீழே உம்முடைய பெயருக்கு இடமும் விட்டிருந்தார்கள்.

"போத்தல் ஒண்டும் இல்லை, சேர். நான் வைச்சது வேர்."

"வேர் தட்டைத் தொட்டதா?"

"இல்லை."

"தொடாமல் எப்படிக் கொல்லும்?"

"அடுத்த வீட்டில செத்தல் மிளகாய் வறுத்தா நீங்கள் தும்முறேல்லையோ, சேர்? ஆர் வந்து உங்கடை மூக்கைத் தொட்டது?"

மூன்று பேரில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்ததைக் குறிப்பில் எழுதவில்லை.

கையெழுத்து வைக்கும்படி திரும்பவும் கேட்டார்கள். நீர் பேனையை எடுத்து, மூடியைப் பூட்டி, மேசையில் வைத்தீர். "நான் செய்த பிழையை எழுதுங்கோ, இப்பவே வைக்கிறன். நான் செய்யாத பிழைக்கு நீங்களே வையுங்கோ."

அந்தக் கதை எப்படி வெளியே வந்தது என்றால், நான் அரைவாசி திறந்திருந்த கதவுக்கு வெளியே நீள மரவாங்கில் குந்தியிருந்தேன். அடுத்ததாகக் கூப்பிட என்னை வைத்திருந்தார்கள். உம்முடைய கையெழுத்து இல்லாவிட்டால் ஒரு சாட்சியின் கையெழுத்துப் போதுமாம்.

நான் உள்ளே போனேன். அந்த மேசையில் இரண்டு கடதாசிக் கோவைகள் இருந்தன. ஒன்று உம்முடையது. மற்றது என்னுடைய பதவி உயர்வுக் கோவை. அதை ஏன் அங்கே வைத்தார்கள் என்று எவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "பெட்டியில் கிருமிநாசினி மணம் இருந்ததை அவதானித்தேன்" என்று ஒரு வரி. அதன் கீழே என் பெயர். நான் பெட்டியை மணந்து பார்க்கவே இல்லை. நான் வரமுதல் கதவு திறந்து மணம் போய்விட்டது. கையெழுத்து வைத்தேன். எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டால், பேனையின் மூடியைக் கழற்றுகிற நேரம். நீர் பூட்டி வைத்த அதே பேனை.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நீர் வழக்கம்போல இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்தீர். ஒன்றை என் முன்னால் வைத்தீர். சீனி சரியாக இருந்தது.

"கையெழுத்து வடிவாய்த்தான் இருக்குது, ஐசே" என்றீர்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப்பற்றி நீர் கதைக்கவில்லை. ஏசியிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். பிள்ளைகளின் படிப்பு, வீட்டு நிலை, எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். அவற்றைச் சொல்ல நீர் எனக்கு இடம் தரவில்லை. அவை இன்னும் என்னிடம் பாவிக்கப்படாமல் இருக்கின்றன.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. உமக்குக் களஞ்சிய அறை வந்தது. உடைந்த குடுவைகளுக்கும் உடையாத குடுவைகளுக்கும் பொறுப்பாளர். உம்மைத் தண்டித்துவிட்டதாக மேல்மாடி நினைத்தது. அங்கே பழுதென்று தள்ளிவிட்ட பழைய இன்கியூபேற்றர் ஒன்று கிடந்ததை அவர்கள் யோசிக்கவில்லை. நீர் அதற்குள் ஒரு மின்குமிழைக் கொழுவி, சூட்டைச் சரிபண்ணி, மத்தியான இடைவேளைகளில் உம்முடைய வேலையைத் தொடர்ந்தீர். நான் மிஞ்சின ஏகாரை ஒளித்துக் கொண்டுவந்து தருவேன். துணிவான காரியம்போலத் தோன்றும். ஆனால் பகலில் படிக்கட்டுப் பக்கம் பார்த்துப் பார்த்துத்தான் கொண்டுவந்தேன். நீர் அதையும் கண்டீர். "மெதுவா வாரும், ஐசே. ஏகார் ஊத்துப்பட்டாலும் பறவாயில்லை, உம்மடை பேர் ஊத்துப்படக் கூடாது."

நசுக்கின உடனே வைத்தது, தேத்தண்ணி குடித்து முடித்து வைத்தது, அவித்தது, காய வைத்தது, மாரியில் கிண்டினது, கோடையில் கிண்டினது. எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் ஏறின. நான் பார்த்த ஆய்வுக் குறிப்புகளில் பொய் எழுத இடமே விடாதது அந்தக் கொப்பிதான். சரிவராத நாட்களையும் அதே மையால் எழுதியிருந்தீர். "இண்டைக்குப் பற்றீரியா வென்றது" என்று ஒரு பக்கம் முழுக்க ஒரே வரி. முதற் பக்கத்தில், கோடிட்டு: "காய வைக்கக் கூடாது. அவிக்கக் கூடாது. நசுக்கின உடனே பார்க்கவேணும்."

சுகமில்லை என்று வேலையை விட்ட அன்று நீர் எவருக்கும் சொல்லிக்கொண்டு போகவில்லை. பின்னேரம் என் மேசை இலாச்சியைத் திறந்தபோது கொப்பியும் பாக்குரலும் இருந்தன. கடிதம் இல்லை. தேடினேன்.

உம்முடைய செத்தவீட்டுக்குத் துறையிலிருந்து ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை வந்தது. "அமைதியும் பணிவும் நிறைந்த" என்று போட்டிருந்தார்கள். நான் அதற்குக் கீழே நின்று, வேறு ஆரோ செத்த வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று படத்தைப் பார்த்தேன். நீர்தான். உம்மை அந்த வேரோடு ஒப்பிட்டு ஒருவர் பேசினார், நசுக்க நசுக்க மணந்தீராம். எனக்கு எழும்பிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. உம்மை நசுக்கியபோது நீர் மணக்கவில்லை. கதைத்தீர். மணந்ததென்று சொன்னால் நசுக்கினவர்களுக்கும் அதில் ஒரு பங்கு போய்விடும்.

இனி நேற்றைக்கு வருகிறேன்.

துறைக்கு ஒரு புதிய விரிவுரையாளர் வந்திருக்கிறா. சின்னப் பிள்ளை. நிரந்தரமாக்கும் கடிதம் இன்னும் வரவில்லை. வந்த முதல் மாதமே வல்லை வெளிக்குப் போய், வேரைப் பச்சையாகக் கொண்டுவந்து, புதிய இயந்திரத்தில் விட்டுப் பார்த்து, அந்தக் கண்ணெரிச்சல்காரனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டா. ஓடிவந்து என்னைக் கேட்டா: "அண்ணை, இஞ்ச முந்தி ஆரும் இந்த வேரைப் பாத்திருக்கினமோ?"

இலாச்சியைத் திறந்து கொப்பியைக் கொடுத்தேன். நின்றபடி வாசிக்கத் தொடங்கினா. கதிரை போட்டேன். அதை அவ காணவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும், "ஆர் அண்ணை இவ?" என்றா. சொன்னேன். முழுக்கச் சொன்னேன், என் கையெழுத்து உட்பட. அவ என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கத் தேவையில்லை. நீர் தேத்தண்ணி வைத்தபோது பார்த்த அதே பார்வை, சீனி இல்லாமல்.

அவ எழுதுகிற கட்டுரையில் உம்முடைய பெயரைப் போடவேண்டும் என்று நின்றா. அங்கேதான் தலைவர் குறுக்கிட்டார். துறைத் தலைவர் இப்போது ஆர் தெரியுமோ? அன்று பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுத அந்த மாணவன்தான். கெட்டவன் இல்லை. நல்ல உடுப்பு, நிதானமான பேச்சு. கட்டுரைக்கு முன்னால் ஒரு சிறு வரலாற்றுக் குறிப்பு எழுதியிருந்தார்: "எமது ஆய்வுகூடத்தில் ஓர் ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தின்போது, இவ்வேரின் செயற்பாடு தற்செயலாகக் கண்டறியப்பட்டது."

வெளிநாட்டில் பூஞ்சணம் பிடித்த ஒரு தட்டால் பெரிய மருந்து வந்த கதை பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கும் அப்படி ஒரு விபத்து இருந்தால் மதிப்புத்தானே என்பது அவருடைய எண்ணம். ஒரு வித்தியாசம். அங்கே விபத்து ஆருக்கு நேர்ந்ததோ, பெயரும் அவருக்கே போனது. இங்கே விபத்து உமக்கு, பெயர் ஆய்வுகூடத்துக்கு.

அந்தக் காலத்து உத்தியோகத்தர் என்று மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான். ஆகவே குறிப்பின் கீழே சாட்சியாக என் கையெழுத்து வேண்டுமாம். இடம் விட்டிருந்தார்கள்.

எனக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இந்தமுறை மேசையில் என்ன கோவை வைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஓய்வூதியக் கோவையாக இருக்கும். வைக்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு எத்தனை வருசம் பிடித்திருக்கிறது என்பதையும் நினைத்தேன்.

முதலில் அலுவலகத்துக்குப் போனேன். அன்று வைத்த கையெழுத்தை மீளப் பெறுகிறேன் என்று ஒரு வரிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். எழுதுவினைஞர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குப் படிவம் இல்லையே, அண்ணை."

"கையெழுத்து வைக்கேக்கையும் படிவம் இருக்கேல்லை, தம்பி."

"எந்தக் கோவையில போடுறது?"

"அவவின்ரை கோவையில, அண்டைக்கு நான் வைச்ச சாட்சிக் கடிதத்துக்கு மேல. மேல எண்டு சொன்னனான், கீழயில்லை."

"முத்திரை குத்தினா நான் பொறுப்பெல்லோ?"

"குத்தாட்டி நான் உம்மடை மேசைக்கு முன்னால இருக்கப்போறன். எனக்கு நாலு மாசம் இருக்குது."

குத்தினார். பிரதி என்னிடம் இருக்கிறது.

நேற்றுக் காலை வெள்ளெனவே பஸ் ஏறி வல்லையில் இறங்கினேன். கொண்டக்டர் ஏசவில்லை, கொண்டக்டர்கள் திருந்திவிட்டார்கள். வேரைச் சேற்றோடு ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, பாக்குரலையும் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். இப்போது அந்த அறைக்குக் குளிரூட்டி பூட்டியிருக்கிறார்கள். யன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தி இருந்தன. ஏழு பேர். தலைவர் நடுவில். கடைசிக் கதிரையில் அந்தப் பிள்ளை, புதிதாக வந்தவ என்றபடியால் கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலை அவவுக்கு.

குறிப்பைத் தலைவர் வாசித்தார். "அண்ணை சாட்சிக் கையெழுத்து வைச்சா முடிஞ்சுது" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

"வைக்கமுதல் ஒருக்கால் மணந்து பாக்கவேணும், சேர். போனமுறை நான் மணந்து பாக்காமல் வைச்சிட்டன்."

பாக்குரலை மேசையில் வைத்து இடிக்கத் தொடங்கினேன். பித்தளைச் சத்தம் அந்த அறைக்குப் பெரிது. "என்ன அண்ணை இது" என்று ஆரோ தொடங்கினார்கள், முடிக்கவில்லை. மணம் எழும்பிவிட்டது. குளிரூட்டி அதை எடுத்து, பாரபட்சமில்லாமல், ஆளுக்கு ஆள் பரிமாறியது. முதலில் ஒருவர் இருமினார். பிறகு கைலேஞ்சிகள் வெளியே வந்தன. உம்முடைய செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்குக் கண் கலங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்று அந்த அறையில் ஒருவர் மிச்சமில்லாமல் உமக்காக அழுதார்கள்.

"நான் உங்கள் ஒருத்தரையும் தொடேல்லை" என்றேன்.

தலைவர் கண்ணைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு கைலேஞ்சியை எடுத்துவிட்டு, இழுத்து மணந்தார், மெதுவாக, வேண்டுமென்றே. அவருடைய முகம் இருபது வயது குறைந்தது.

"இது..." என்றார். "இது அண்டைக்கு இன்கியூபேற்றரைத் திறக்கேக்கை வந்த மணமெல்லோ."

அவர் சொன்னது அவருக்கே பிந்தித்தான் கேட்டது. அவ்வளவு காலமும் அவரிடம்தான் இருந்தது அது. கதவை முதலில் திறந்தவர் அவர். கிருமிநாசினி மணம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள். அவரை எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரை நான் வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரே வாங்கில் இருந்த ஆட்கள் நாங்கள்.

"சரி, யன்னலைத் திறவுங்கோ" என்றார். கடைசிக் கதிரைப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, நான் இப்ப சொன்னது குறிப்புக்குத் தேவையில்லை" என்றார்.

அந்தப் பிள்ளை கண்ணால் தண்ணீர் ஓட ஓட எழுதிக்கொண்டிருந்தா. துடைக்கவும் இல்லை. நான் அவவின் பேனையைப் பார்த்தேன். அவவுக்கும் ஒரு கோவை இருக்கிறது, நிரந்தரமாக்கும் கோவை. அது எந்த மேசையில் இருக்கிறதென்று அவவுக்கும் தெரியும். பேனையின் மூடியைக் கழற்றுகிற நேரம்தான் எனக்குப் பிடித்தது என்று சொன்னேனே. அவவுக்கும் அவ்வளவுதான் பிடித்தது.

"எழுதிப்போட்டன், சேர்" என்றா.

தலைமுறை மாறிவிட்டது, நீதி பிறந்துவிட்டது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. உம்முடைய கோவையில் அந்தச் சாட்சிக் கடிதம் இன்னும் இருக்கிறது, அதற்கு மேலே என்னுடைய ஒரு வரி இருக்கிறது. வரலாற்றுக் குறிப்பில் என் பெயருக்கு விட்ட இடம் வெறுமையாக இருக்கிறது. "கவனக்குறைவு" என்ற சொல் போய், உம்முடைய பெயர் வரும்வரைக்கும் வெறுமையாகவே இருக்கும். நான்கு மாதம் முடிந்தால் வெளியாளாக வந்து வாசலில் இருப்பேன். வெளியாளுக்குக் கோவையும் இல்லை, பயமும் இல்லை.

உம்முடைய நினைவாக எதையாவது வைத்திருக்கலாம் என்றால் அதற்கும் நீர் வழி வைக்கவில்லை. மற்றவர்கள் படம் வைத்திருப்பார்கள், பூவைப் புத்தகத்துக்குள் காய வைப்பார்கள். என் சேட்டுப் பையில் ஒரு விரல் நீள வேர் இருக்கிறது. ஒரு கிழமைக்கு மேலே அதை வைத்திருக்க முடியாது. காய்ந்துவிட்டால் வெறும் தடி. ஆகையால் சனிக்கிழமைகளில் வல்லையில் இறங்குகிறேன். பழையதை எறிந்துவிட்டு, புதியதைச் சேற்றோடு கிண்டி எடுக்கிறேன். திரும்பி வருகிற பஸ்ஸில் நுனியைக் கொஞ்சம் கடித்துப் பார்க்கிறேன்.

இன்றைக்கும் கடித்தேன். எரிகிறது, ஐசே.